குட்டிக்கு நாம் காவல்



இல்லத்துக்குக் காவல் வேண்டும் என்று கருதியே நம்மிற் பலர் நாய்க்குட்டி வாங்குகின்றனர். ஆயினும் குட்டி வந்த நாள் தொட்டு முதல் நான்கு திங்கள்வரை அது நமக்குக் காவலன்று. நாம்தாம் அதற்குக் காவல். இவ்வுண்மையை மறந்துவிட்ட வீடுகளில் குட்டிகள் வளருமுன்னே மடிந்துபோகின்றன. மடிவதற்குக் காரணம் பெரும்பாலும் வெளிப்பகையன்று. நம் வீட்டுத் தரையிலும் தாழ்வாரத்திலும் நாமே போட்டு வைத்த பொருள்கள்தாம். ஆகவே, புதிதாக வரும் குட்டிக்கு வீட்டை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

யான் வாழும் தளவாய்புரம் இராஜபாளையத்தை அடுத்த ஊர். மேற்கே மலைத்தொடர், சுற்றிலும் தென்னையும் நெல்லும், ஊருக்குள் நுழைந்தால் தெருவெல்லாம் தையல் எந்திரத்தின் ஓசை. இராஜபாளையம் என்ற பெயரைக் கேட்டவுடன் வெளியூரார்க்கு நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று பஞ்சாலை, மற்றொன்று நாய். பால்வெண்மையான மேனியும், இளஞ்சிவப்பு மூக்கும், நீண்ட கால்களும், ஒடுங்கிய இடையும் உடைய இந்த இனத்தைப் பாளையக்காரர் காலத்துக் காவல் நாய் என்று எங்கள் பக்கத்தார் பெருமையுடன் சொல்லிக்கொள்வர். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது, இமயமலை ஆட்டுக்காவல் நாய், இராம்பூர் நாய், முதோல் நாய் ஆகியவற்றுடன் இராஜபாளையமும் இடம் பெற்றது. பெருமை பெரிதுதான். ஆனால் அஞ்சல்தலையில் நிற்கும் நாயும் ஒரு காலத்தில் இரு கை அகலமுள்ள குட்டியாக இருந்ததே அன்றோ?

முதலில் குட்டியின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தை ஒரு பொருளை அறியக் கையை நீட்டுகிறது. குட்டிக்குக் கையில்லை, வாயே அதன் கை. மூன்றாம் வாரமளவில் பாற்பற்கள் முளைக்கின்றன. நான்காம் மாதமளவில் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் நிலைப்பற்கள் வந்துவிடும். இவ்விடைக்காலத்தில் ஈறு நமைச்சல் எடுப்பதால், கண்ணிற்படும் எதனையும் கடித்துப் பார்ப்பது அதன் பிறவிக்குணம். இதைக் குறும்பென்று எண்ணி அடிப்பது பயனற்றது. கடிக்கத் தகாததை எட்டாமல் வைப்பதும், கடிக்கத் தக்கதைக் கொடுப்பதும் ஆகிய இரண்டே வழி. கெட்டியாக முறுக்கி முடிச்சிட்ட பெரிய துணியோ, குட்டி விழுங்க இயலாத அளவுள்ள இரப்பர்ப் பொம்மையோ கொடுக்கலாம். நார் பிரியத் தொடங்கியவுடன் அதனை எடுத்துவிட வேண்டும்.

குட்டி வருவதற்கு முன்னாள் ஒரு பயிற்சி செய்யுங்கள். கூடத்தின் நடுவே தரையில் அமர்ந்து, கன்னம் தரையிற் படுமளவு குனிந்து, ஒரு முறை சுற்றிலும் பாருங்கள். நின்றபோது தென்படாத எத்தனையோ பொருள்கள் தென்படும். கட்டிலின் அடியில் உருண்டு கிடக்கும் மாத்திரை, பீரோவின் கீழே நழுவிய நாணயம், சுவரோரம் தொங்கும் மின்கம்பி, கதவிடுக்கில் வைத்த எலிமருந்து, எல்லாம் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். இதுதான் குட்டி காணும் வீடு. தரையிலிருந்து ஒன்றரை முழ உயரம் வரை உள்ள பகுதி அதன் ஆட்சி என்று கொண்டு, அந்த எல்லைக்குள் தீங்கு தரும் பொருள் ஏதும் இல்லாமற் செய்ய வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் முதற்கண் எச்சரிக்க வேண்டியது நூலைப் பற்றியே. தளவாய்புரத்தில் நைட்டி, உட்பாவாடை முதலிய ஆயத்த ஆடைகள் தைப்பது பல குடும்பங்களுக்கு வாழ்வளிக்கும் தொழில். அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைக்கு வேண்டிய கட்டுத்துணி நெய்கின்றனர். ஆகவே வீட்டுத் தரையில் நூற்பிசிறும், வெட்டுத்துணியும், பொத்தானும், எலாஸ்டிக் துண்டும் கிடப்பது இங்கே இயற்கை. குட்டிக்கோ நூலும் நாடாவும் விளையாட்டுப் பொருள்.

நீண்ட நூலை விழுங்கினால் நேர்வது என்ன? அதன் ஒரு முனை நாக்கின் அடியிலோ, இரைப்பையின் வாயிலிலோ சிக்கிக்கொள்கிறது. மறுமுனையைக் குடல் தன் இயல்பின்படி முன்னோக்கித் தள்ளுகிறது. நூல் நகராமல் நிற்க, குடல் அதன்மேல் சுருங்கிச் சுருங்கி, பாவாடை நாடாவில் துணி கொசுவிக்கொள்வதுபோல மடிப்புற்று விடுகிறது. நாளடைவில் இறுகிய நூல் குடற்சுவரை வாள்போல் அறுக்கவும் செய்யும். குட்டி உணவை வெறுக்கும். விடாமல் வாந்தி எடுக்கும். வயிற்றைத் தொட்டால் முனகும். இதற்கு அறுவை மருத்துவமே பெரும்பாலும் வழியாகும். இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குட்டியின் வாயிலோ ஆசனவாயிலோ நூலின் முனை தொங்கக் கண்டால், அன்பின் மிகுதியால் அதைப் பற்றி இழுத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. இழுத்த இழுப்பில் குடல் கிழியலாம். ஊசி கோத்த நூலாக இருப்பின் கேடு இரு மடங்கு. தொங்குவதைத் தொங்கியபடியே விட்டு, மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

தையல் நடக்கும் வீட்டார் செய்யத் தக்கது எளிது. எந்திரம் இருக்கும் அறைக்கு இடுப்புயரத் தட்டி ஒன்று அமைத்துக் குட்டியை உள்ளே விடாதிருத்தல். ஊசியையும் பொத்தானையும் மூடியுள்ள டப்பாவில் வைத்தல். வெட்டுத்துணியை அன்றாடம் சாக்கில் கட்டி மேலே தூக்கி வைத்தல். வேலை முடிந்ததும் பெருக்குதல். இம்முறையைக் கைக்கொண்ட வீட்டில் தவழும் குழந்தைக்கும் ஊசி குத்தாது என்பது உடன் கிடைக்கும் நன்மை.

அடுத்தது நஞ்சு. எலிமருந்துகளுள் பலவும் குருதி உறையும் ஆற்றலைக் கெடுப்பவை. அதைத் தின்ற குட்டி அன்றும் மறுநாளும் துள்ளி விளையாடும். மூன்றாம் நாள், நான்காம் நாளில்தான் உடலினுள் குருதிக்கசிவு தோன்றும். "தின்றது, ஆனால் ஒன்றும் ஆகவில்லை" என்று வாளாவிருப்பதே உயிருக்கு உலை வைக்கும். தின்ற அன்றே சென்றால் உரிய மருந்து உண்டு. எலிமருந்தின் உறையையும் கையோடு எடுத்துச் செல்வது மருத்துவருக்குப் பேருதவி. துணிப்பெட்டியில் இடும் பாச்சை உருண்டை, பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து, கழிப்பறை கழுவும் அமிலம், மண்ணெண்ணெய் ஆகியன எல்லாம் பூட்டி வைக்க வேண்டியவை. பினாயில் ஊற்றிக் கழுவிய தரை நன்கு காயும்வரை குட்டியை அதன்மேல் விடலாகாது. பாதத்தில் ஒட்டியதை அது நக்கிவிடும். கொல்லைப்புறத்து அரளியும் ஆமணக்கு விதையும் நாய்க்கும் நஞ்சே.

நஞ்சு தின்ற குட்டிக்கு உப்பைக் கரைத்துப் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது தவறான வழக்கம். மிகுதியான உப்பே சிறு குட்டிக்கு நஞ்சாகும். மேலும் அமிலமோ மண்ணெண்ணெயோ உட்சென்றிருப்பின், வாந்தி வரும்போது தொண்டையும் நுரையீரலும் மீண்டும் புண்படும். மருத்துவர் சொன்னாலன்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

இனி அடுக்களைக்கு வருவோம். நாம் உண்பதில் ஒரு பிடியைக் குட்டிக்கு இடுவது நம்மவரின் அன்பு. ஆனால் நமக்கு அமுதாவது அதற்கும் அமுதாக வேண்டுமென்பதில்லை. வெங்காயமும் பூண்டும் நாயின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை; ஆகவே சாம்பாரும் குழம்பும் ஊற்றிப் பிசைந்த சோறு குட்டிக்கு உகந்ததன்று. சாக்லேட்டும் காப்பித்தூளும் இதயத்தைப் படபடக்கச் செய்யும். திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தை அழித்துவிடுகின்றன. அதற்குக் காரணம் திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அண்மைக்கால ஆய்வாளர் கருதுகின்றனர். அதே அமிலம் நம் புளியில் மிகுதியாக உண்டு. எனவே புளியோதரையையும், புளி வைத்த பானையையும் எட்ட வைப்பதே அறிவுடைமை. வேகவைத்த கோழியெலும்பு ஊசிபோலப் பிளந்து குடலிற் குத்தும். நீரிழிவு உள்ளோர்க்கென விற்கும் இனிப்புகள் சிலவற்றில் சேர்க்கும் சைலிட்டால் என்ற பொருள் நாயின் குருதிச் சர்க்கரையைத் திடீரென வீழ்த்திவிடும். பசும்பாலை மிகுதியாகக் கொடுத்தால் வயிற்றோட்டம் காணும். நன்கு வேகவைத்த சோறு, முட்டை, எலும்பு நீக்கிய இறைச்சி, இவற்றைக் காரமின்றி, வேளைக்குச் சிறிதாக, நாளொன்றுக்கு நான்கு முறை கொடுத்தால் போதும். காய்ச்சல் என்று நாம் உண்ணும் மாத்திரையை அதற்குக் கொடுத்தல் அறவே கூடாது.

நீரும் உயரமும் மின்சாரமும் பற்றிச் சுருங்கச் சொல்வேன். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருந்தாலும் அதன் மேல் வலை வேண்டும். தரைத்தொட்டியின் மூடி எப்போதும் மூடியிருக்க வேண்டும். வாளி நீரிலும் சிறு குட்டி தலைகீழாக வீழ்ந்து இறக்கும். மாடிப்படியின் அடியிலும் உச்சியிலும் தட்டி வேண்டும். வழவழப்பான தரையில் கால் அகன்று சறுக்குவது நெடுங்கால் குட்டிகளின் மூட்டுக்குத் தீது. அது நடமாடும் இடத்தில் சாக்கோ ஜமுக்காளமோ விரியுங்கள். மின்கம்பியைக் கடித்துக் குட்டி வீழ்ந்து கிடந்தால், முதலில் மின்னோட்டத்தை நிறுத்திய பிறகே அதைத் தொட வேண்டும். தீபாவளி நாள்களில், சிவகாசிக்கு அண்மையில் உள்ள எங்களைப் போன்றோர் வீட்டில் வெடி மிகுதி. வெடிக்காத வெடியைக் குட்டி கடிக்கும், ஓசை கேட்டால் தெருவுக்கு ஓடும். அன்று உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்துவது நலம்.

இதுவரை சொன்னவை எந்த இனத்துக் குட்டிக்கும் பொதுவானவை. இராஜபாளையக் குட்டிக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டுவது ஒன்றுண்டு. அது அதன் செவியைப் பற்றியது.

வெண்ணிற நாய்களிற் சில பிறவியிலேயே செவிப்புலன் இழந்தவை. உட்செவியில் நத்தையோடு போன்ற உறுப்பு ஒன்று உள்ளது. அதற்கு ஊட்டமளிக்கும் மெல்லிய படலத்தில் நிறமி அணுக்கள் இருந்தாலன்றி அவ்வுறுப்பு நிலைபெறாது. மேனிக்கு வெண்மை தரும் மரபுக்கூறு சில வேளைகளில் செவியினுள்ளும் அவ்வணுக்களை இல்லாமற் செய்துவிடுகிறது. அதனால் பிறந்த சில வாரங்களுக்குள்ளாகவே ஒலியை உணரும் நுண்ணணுக்கள் அழிகின்றன. டால்மேஷன் என்ற புள்ளி நாயிலும், நீலக் கண்ணுள்ள வெள்ளைப் பூனைகளிலும் காண்பது இதே குறைதான். இராஜபாளைய இனத்தில் இக்குறை இருப்பதை வளர்ப்போர் நெடுநாளாக அறிவர்.

குட்டியின் செவியைச் சோதிப்பது எப்படி? உடன்பிறந்த குட்டிகளோடு சேர்ந்திருக்கும்போது சோதித்தால் ஏமாந்து போவோம். ஓசை கேட்ட குட்டிகள் எழுந்தோட, கேளாததும் அவற்றின் அசைவை உணர்ந்து உடன் எழுந்துவிடும். ஆகையால் தனியே பிரித்து, அது உறங்கும்போதோ வேறுபக்கம் பார்க்கும்போதோ, பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கையைத் தட்டினால் காற்றசைவு படும்; தரையைத் தட்டினால் அதிர்வு தெரியும்; எனவே அவை வேண்டா. பலமுறை குலுக்கியும் திரும்பாவிடில் ஐயுறலாம். ஒரு செவி மட்டும் கேளாத குட்டியை இச்சோதனை காட்டாது. அதற்கு மூளையின் மின்னலையை அளக்கும் கருவி வேண்டும்.

முப்பதாண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். கூப்பிட்டும் திரும்பாத மாணவனைத் திமிர் பிடித்தவன் என்று முடிவு கட்டுமுன் அவன் செவியைச் சோதிக்க வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிய பாடம். செவி மந்தமான பிள்ளையை முதல் வரிசைக்குக் கொண்டுவந்தால் அவன் படித்துவிடுவான். குட்டிக்கும் அதே நீதி. பெயர் சொல்லி அழைத்தும் வரவில்லை என்று அடிக்கப்படும் குட்டி, எதற்காக அடிபட்டோம் என்பதையே அறியாது. அடியை மட்டும் அறியும். கையைக் கண்டால் கடிக்கக் கற்கும். செவியில்லை என்று தெரிந்ததும் ஊர் எல்லையில் கொண்டுவிடுவோரும் இல்லாமல் இல்லை. பேருந்தின் ஊதொலி கேளாத குட்டியைச் சாலையில் விடுவது, கொல்வதற்கு மற்றொரு பெயர்.

செவிகேளாக் குட்டியை வளர்ப்பது அரிதன்று. கண்ணும் மூக்கும் அதற்குக் கூர்மை. கையை உயர்த்தினால் அமர்க, உள்ளங்கையைத் தாழ்த்தினால் படுக்க, நம் பக்கம் வீசினால் வருக என்று, ஒரு குறிப்புக்கு ஒரு பொருளாக வீட்டார் அனைவரும் மாறாமற் காட்ட வேண்டும். செய்தவுடன் ஒரு துணுக்கு உணவு கொடுத்தால் சில நாளில் கற்றுக்கொள்ளும். தொலைவிலிருந்து அழைக்கத் தரையைக் காலால் தட்டலாம். இருளில் விளக்கை இருமுறை அணைத்து ஏற்றலாம். உறங்கும்போது திடீரெனத் தொடலாகாது. மூக்கின் அருகே கையைக் கொண்டுசென்று மணம் அறியச் செய்து எழுப்ப வேண்டும். அது எங்கிருக்கிறது என்று நாம் அறியக் கழுத்தில் சிறு மணி கட்டலாம். வாயிற்கதவுக்கு உள்ளே இன்னொரு தட்டி கட்டாயம் வேண்டும். கயிறின்றித் தெருவிற்கு விடவே கூடாது. இத்தகைய நாயைக் குட்டி ஈனப் பயன்படுத்தாமல் இருப்பது வரும் தலைமுறைக்குச் செய்யும் நன்மை. விற்போரும் உள்ளதை உள்ளபடி கூறி விற்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்று 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விதிகள் கூறுகின்றன. அந்த எட்டு வாரமும் செவியை அறியப் போதுமான காலம்.

வீட்டினுள் செய்தவற்றோடு, வெளியிலிருந்து வரும் நோய்க்கும் வேலி வேண்டும். 1978ஆம் ஆண்டளவில் உலகெங்கும் தலைகாட்டிய பார்வோ என்ற நச்சுயிரி, குட்டிகளைக் குருதி வயிற்றோட்டத்தால் சில நாளிற் கொல்வது. அது மண்ணிற் பல மாதம் உயிர்த்திருக்கும். பினாயிலுக்கு எளிதில் அடங்காது. சலவைத்தூள் கரைசலுக்கே அடங்கும். முன்பு ஒரு குட்டி இந்நோயால் இறந்த வீட்டில், தரையை அவ்வாறு கழுவாமல் புதுக்குட்டியைக் கொணர்வது தகாது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரை போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில் தொடங்கும். குடற்புழு மருந்தும் தவறாமற் கொடுக்க வேண்டும். நாயின் உருண்டைப்புழு மண்ணின் வழியே குழந்தைகளுக்கும் பரவக்கூடியது.

இறுதியாக, குட்டியிடமிருந்து குழந்தைக்கும் காவல் வேண்டும். உண்ணும்போதும் உறங்கும்போதும் குட்டியைத் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். குட்டி கடித்தாலும் பற்பட்டுக் கீறினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் காயத்திற்கு ஆகா. 1885இல் லூயி பாஸ்டர் வெறிநாய்க் கடிக்கு ஊசிமருந்து கண்டார். 1907இல் நம் குன்னூரில் அவர் பெயரால் ஒரு நிலையம் தோன்றியது. இத்தனை காலத்துக்குப் பின்னும், நோய்க்குறி தோன்றிய பிறகு பிழைப்பது அரிதினும் அரிது என்ற நிலை மாறவில்லை. தோன்றுமுன் போடும் ஊசியோ உயிர் காக்கிறது. "குட்டி தானே" என்று அசட்டையாக இருத்தல் ஆகாது.

சிலர் குட்டியைச் சங்கிலியில் கட்டிவிட்டால் எல்லாத் தொல்லையும் தீரும் என்பர். தீராது. சுவரையோ திண்ணையையோ தாண்டிக் குதித்துக் கழுத்து இறுகி இறந்த குட்டிகள் உண்டு. மேலும், அமெரிக்க அறிஞர்களான ஸ்காட், ஃபுல்லர் இருவரும் பல்லாண்டு ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூலில், மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலமே நாய் மனிதரோடு பழகக் கற்கும் பருவம் என்று காட்டினர். அப்பருவத்தில் கட்டுண்டு கிடந்த குட்டி, வளர்ந்தபின் எல்லாரையும் பகையாகவே பார்க்கும். அத்தகையது காவல் நாயன்று; அச்சத்தாற் கடிக்கும் நாய். தடுப்பூசி முடியும்வரை தெருவில் நடத்தாமல், கையில் ஏந்திச் சென்று மனிதரையும் வண்டிகளையும் காட்டுங்கள். நாயை ஓயாமல் கட்டிவைத்து உலாவவும் விடாதிருப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும்.

நேயர்களே, இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய வேண்டுமென்பதில்லை. முதல் வாரம் ஓர் அறையை மட்டும் குட்டிக்கென ஒதுக்கி, அதனை முற்றும் ஒழுங்கு செய்யுங்கள். அங்கே ஒரு சாக்கு, ஒரு நீர்க்கிண்ணம், ஒரு விளையாட்டுப் பொருள் போதும். அது பழகிய பிறகு அடுத்த அறை. அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைக் குட்டி வருமுன்னே சுவரில் எழுதி வையுங்கள். எங்கள் வட்டாரத்தார்க்கு மேல்மருத்துவம் வேண்டுமெனில், திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குட்டியை வாங்கப் போகும் வீட்டில் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்க மறவாதீர்கள். செவி கேளாதென்று தெரிந்து, வளர்க்க இயலுமென்று மனம் துணிந்தால், அதையே கொண்டு வாருங்கள்.